ஃப்ளாஷ் சென்ட்ரி ஒரு தப்பும் செய்யவில்லையே, பிறகு ஏன் இந்தக் கோபம்?

கேள்வி இதுதான்: "மகளோடு உட்கார்ந்து மை லிட்டில் போனி வரிசையில் ஈக்வெஸ்ட்ரியா கேர்ள்ஸ் படங்களைப் பார்த்தேன். அதில் கதாநாயகிக்குப் பிடித்த பையனாக வரும் ஃப்ளாஷ் சென்ட்ரி நல்லவனாகத்தான் தெரிகிறான். ஆனால் ரசிகர்கள் வில்லன்களைக்கூட அப்படித் திட்டவில்லை, இவனைத் திட்டித் தீர்க்கிறார்கள். ஏன்?"

நல்லவன்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் "நல்லவன்" என்பதைத் தாண்டி அவனைப் பற்றிச் சொல்ல இரண்டாவது வார்த்தை கிடைக்காது. அப்படி ஒருவனை, பல வருடம் பார்த்துப் பழகிய ஒரு கதாநாயகியின் பக்கத்தில் கொண்டு வந்து நிறுத்தினால் என்ன ஆகும் என்பதுதான் விஷயம். இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து பார்த்து வருகிறவள் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ட்வைலைட் ஸ்பார்க்கிள் யார் என்று தெரிய வேண்டும். 2010 அக்டோபர் 10 அன்று அமெரிக்காவில் தி ஹப் என்ற சேனலில் தொடர் தொடங்கியது. பொம்மை விற்கிற ஹாஸ்ப்ரோ நிறுவனத்தின் தொடர் என்பதால் பெரிதாக யாரும் எதிர்பார்க்கவில்லை. லாரன் ஃபாஸ்ட் அதை உருவாக்கிய விதம்தான் வேறாக இருந்தது. ஆறு குதிரைப் பெண்கள், ஆறு பேருக்கும் தனித்தனிக் குணம். நடுவில் இருப்பவள் ட்வைலைட். புத்தகப் பூச்சி. எதற்கெடுத்தாலும் பட்டியல் போடுகிறவள். நட்பு என்றால் என்ன என்று படித்து வா என்று இளவரசி செலஸ்டியா அவளை ஒரு சிற்றூருக்கு அனுப்புகிறார், கற்றுக்கொண்டதைக் கடிதமாக எழுதி அனுப்ப வேண்டும்.

இரண்டாவது சீசனில், 2011 அக்டோபரில் வந்த ஓர் அத்தியாயம் இருக்கிறது. அந்த வாரம் கடிதம் எழுத விஷயமே கிடைக்கவில்லை. அவ்வளவுதான் பிரச்சினை. வேறு யாராக இருந்தாலும் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். ட்வைலைட்டுக்கோ கை கால் ஓடவில்லை. பொழுது சாயச் சாயத் தலைமுடி கலைகிறது, கண் துடிக்கிறது. யாருக்கும் சண்டை இல்லை என்றால் நாமே ஒரு சண்டையை மூட்டி அதைத் தீர்த்து வைப்போம் என்று முடிவு செய்கிறாள். சின்ன வயதில் விளையாடிய பழைய பொம்மையை எடுத்து, பார்க்கிறவர் எல்லோரும் அதை விரும்பும்படி மந்திரம் போடுகிறாள். ஊரே அடித்துக்கொள்கிறது. அந்தப் பொம்மையோடு ஒரு குட்டி நோட்டும் இறகுப் பேனாவும் உண்டு, பொம்மை வீட்டுப்பாடம் எழுதுவதாக வைத்து விளையாட. அந்த நோட்டும் பேனாவும் போதும், அவள் எப்படிப்பட்ட குழந்தையாக வளர்ந்திருப்பாள் என்று தெரிந்துவிடுகிறது. நாங்கள் பழகிய ட்வைலைட் இவள்தான். பரீட்சைக்கு முந்தின இரவு வயிற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்த எத்தனையோ பேர் அவளிடம் தங்களைப் பார்த்தார்கள்.

2013 பிப்ரவரியில் மூன்றாவது சீசன் முடியும்போது அவளுக்குச் சிறகு முளைத்து இளவரசியாகிறாள். அதே வருடம் ஜூன் மாதம் முதல் ஈக்வெஸ்ட்ரியா கேர்ள்ஸ் படம் வருகிறது. இதற்குள் லாரன் ஃபாஸ்ட் தொடரை விட்டு விலகிவிட்டார். கதை எழுதியவர் மேகன் மெக்கார்த்தி. செலஸ்டியாவின் பழைய மாணவி சன்செட் ஷிம்மர், ட்வைலைட்டின் கிரீடத்தைத் திருடிக்கொண்டு ஒரு மாயக்கண்ணாடி வழியாக மனித உலகத்துக்கு ஓடிவிடுகிறாள். ட்வைலைட் அவளைத் துரத்திக்கொண்டு போய் ஒரு பள்ளிக்கூட வாசலில் மனிதப் பெண்ணாக விழுகிறாள். மூன்றே நாளில், பள்ளி நடன விழாவின் இளவரசியாகத் தேர்வாகிக் கிரீடத்தை மீட்க வேண்டும். அந்தப் பள்ளியில் கிட்டார் வாசிக்கிற, நீல முடி வைத்த பையன்தான் ஃப்ளாஷ் சென்ட்ரி. சன்செட்டின் முன்னாள் காதலன்.

குதிரைகளை மனிதப் பெண்களாக மாற்றுகிறார்கள் என்ற செய்தி வந்தபோதே ரசிகர்கள் எரிச்சலில் இருந்தார்கள். மேட்டல் நிறுவனத்தின் மான்ஸ்டர் ஹை பொம்மைகள் 2010 முதல் நன்றாக விற்றுக்கொண்டிருந்தன; அதைப் பார்த்து ஹாஸ்ப்ரோவும் அந்தப் பக்கம் சாய்கிறது என்று பேச்சு. அந்தச் சமயத்தில் ட்வைலைட்டின் பக்கத்தில் ஒரு பையன் நிற்கும் படங்கள் வெளியே வந்தன. பெயர்கூடத் தெரியாது. ரசிகர்களே "பிராட்" என்று ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். அமெரிக்கப் பள்ளிக்கூடப் படங்களில் வரும் ஏதோ ஒரு அழகான பையனுக்கு வைக்கிற பெயர் அது. உண்மைப் பெயர் தெரிந்த பிறகும் பிராட் என்றே பலர் அழைத்தார்கள். ஆக, அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே கோபம் கிளம்பிவிட்டது. இதை மறைப்பதில் அர்த்தமில்லை.

அந்தக் கோபத்தில் ஒரு பகுதி வெறும் பொறாமை. ட்வைலைட்டைத் தங்கள் மனத்துக்குள் துணையாக நினைத்துக்கொண்டிருந்த பையன்கள் இருந்தார்கள், இவனை "வைஃபு திருடன்" (கற்பனை மனைவியைத் திருடியவன்) என்று கூப்பிட்டார்கள். அவளை இன்னொரு பெண் பாத்திரத்தோடு ஜோடி சேர்த்துக் கதை எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கும் இவன் குறுக்கே வந்தவன். இந்தப் பகுதிக்காக நான் வாதாட மாட்டேன். சின்னப் பெண்களுக்காக எடுத்த படம். அதில் கதாநாயகிக்கு ஒரு பையனைப் பார்த்து முகம் சிவந்தால் அதில் குற்றம் எதுவும் இல்லை. பெரியவர்கள் அதற்குப் போய்ப் பொங்குவது சரியில்லை.

ஆனால் பொறாமையை முழுக்கக் கழித்துவிட்டாலும் மிச்சம் ஒன்று இருக்கிறது, அதுதான் முக்கியம். நான் இந்தப் படத்தை இரண்டாவது முறை பார்த்தது அக்கா மகளோடு. அவளுக்கு அப்போது ஏழு வயது. பாத்திரம் ஒவ்வொன்றாக வரும்போது "இவங்க என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் கேள்விக்கு எல்லாருக்கும் பதில் இருந்தது. இவள் துணி தைப்பாள், இவள் பண்ணையில் வேலை செய்வாள், இவள் பறவைகளோடு பேசுவாள். ஃப்ளாஷ் வந்தபோதும் கேட்டாள். கிட்டார் வாசிப்பான் என்றேன். "அப்புறம்?" என்றாள். எனக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை. யோசித்துப் பார்த்தால் இப்போதும் வரவில்லை. அவனுக்கு எதில் பயம், எது கிடைக்காமல் தவிக்கிறான், சன்செட்டை முதலில் ஏன் பிடித்தது, ஏன் விட்டு வந்தான், ட்வைலைட்டிடம் என்ன கண்டான், ஒன்றுக்கும் படத்தில் பதில் இல்லை. குரல் கொடுத்த வின்சென்ட் டாங் திறமையானவர்தான். அவர் பேச எழுதிக் கொடுத்த வசனத்தில்தான் ஒன்றும் இல்லை.

உப்புச்சப்பில்லாத பாத்திரங்கள் எல்லாக் கதையிலும் உண்டு. கடைக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் என்று வந்து போவார்கள், யாருக்கும் கோபம் வராது. காதலனாக வருகிறவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. அவனுக்காகக் கதாநாயகி மாறியாக வேண்டும். மாறுவதற்கு அவனிடம் ஒன்றும் இல்லாதபோது அவள்தான் குறைந்துபோகிறாள்.

இதைப் படத்திலேயே பார்க்கலாம். மனித உலகத்தில் ட்வைலைட் படும் பாடு உண்மையிலேயே அருமையாக எழுதப்பட்டிருக்கிறது. இரண்டு காலில் நிற்கத் தெரியவில்லை. விரல் என்ற சமாச்சாரமே புரியவில்லை. குளம்பால் தட்டுவதுபோல் கணினியின் விசைப்பலகையை முஷ்டியால் குத்துகிறாள். ராத்திரி தங்க இடம் இல்லாமல் பள்ளி நூலகத்தில் புத்தகங்களுக்கு நடுவே படுக்கிறாள். இதெல்லாம் அவள்தான், வேறு யாருக்கும் பொருந்தாது. ஃப்ளாஷ் வரும் காட்சிகளில் மட்டும் இந்தப் பெண் காணாமல் போகிறாள். இடித்துக்கொள்வார்கள். அவன் கை கொடுப்பான். அவள் திக்குவாள், முகம் சிவப்பாள். மறுபடி இடித்துக்கொள்வார்கள். படம் முடிந்து அவள் தன் உலகத்துக்குத் திரும்பினால் அங்கேயும் ஃப்ளாஷ் என்று ஒரு காவல்காரக் குதிரை நிற்கிறது, அதன்மீதும் மோதுகிறாள். மோதலைத் தவிர அந்தக் காதலுக்கு வேறு கதை இல்லை. ட்வைலைட்டை எடுத்துவிட்டு எந்தப் பெண்ணை அங்கே வைத்தாலும் காட்சி அப்படியே நடக்கும்.

யோசித்துப் பாருங்கள், அந்தப் பொம்மை அத்தியாயத்து ட்வைலைட்டுக்குக் காதல் வந்தால் என்ன செய்வாள்? நூலகத்துக்கு ஓடுவாள். இதைப் பற்றி என்ன புத்தகம் இருக்கிறது என்று தேடுவாள். அறிகுறிகளைப் பட்டியல் போட்டு ஒவ்வொன்றாக டிக் அடிப்பாள். தன் உதவியாளனான குட்டி டிராகன் ஸ்பைக்கை உட்கார வைத்து ஒத்திகை பார்ப்பாள், அது கந்தரகோளமாகப் போகும். அப்படி ஒரு காட்சி இருந்திருந்தால் ஃப்ளாஷ் எவ்வளவு சாதாரணப் பையனாக இருந்திருந்தாலும் எங்களுக்குப் பிடித்திருக்கும். அவளுக்கு அவளுடைய பாணியில் காதல் வரவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய ஏமாற்றம்.

அவன் கதையில் உருப்படியாகச் செய்வது ஒன்றே ஒன்று. நடன விழாவுக்கு அலங்கரித்த கூடத்தை ட்வைலைட்தான் நாசம் செய்தாள் என்று நம்ப வைக்க, சன்செட் புகைப்படங்களை வெட்டி ஒட்டி மாட்டிவிடுகிறாள். துணைத் தலைமையாசிரியை அதை நம்பியும் விடுகிறார். அப்போது ஃப்ளாஷ், நூலகத்துக் குப்பைக்கூடையில் கிடைத்த வெட்டுத் துண்டுகளைக் கொண்டுவந்து காட்டி அவளைக் காப்பாற்றுகிறான். நல்ல காரியம்தான். ஆனால் இந்தப் படம் முழுக்கச் சிதறிப்போன ஐந்து தோழிகளை மறுபடி சேர்ப்பதைப் பற்றியது. அந்த வேலையை அவர்களில் ஒருத்தியான ரெரிட்டியிடம் கொடுத்திருந்தால்? நாள் பூராவும் கத்தரிக்கோலும் கையுமாகத் துணி வெட்டுகிறவள். அந்தப் படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "இந்த ஓரம் வெட்டின ஓரம், இங்கே ஒட்டியிருக்கிறார்கள்" என்று ஒரு நொடியில் சொல்லியிருப்பாள். புதிதாகக் கிடைத்த தோழி காப்பாற்றியதாக இருந்திருக்கும். அந்தத் தருணத்தை ஃப்ளாஷுக்கு எடுத்துக் கொடுத்தார்கள், அவனுக்கும் அதனால் ஒரு குணம் ஒட்டவில்லை. 72 நிமிடப் படத்தில் இடம் என்பது சும்மா கிடைப்பதில்லை.

இப்போது சன்செட் ஷிம்மரை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஒப்பீடு இல்லாமல் ஃப்ளாஷைப் பற்றிப் பேசவே முடியாது. அதே படத்தில்தான் அவளும் முதல்முறை வந்தாள். முதல் படத்தில் அவளும் மெலிந்த பாத்திரம்தான்: பள்ளியை மிரட்டுகிற பெண், கிரீடம் வேண்டும், கடைசியில் அழுது மன்னிப்புக் கேட்கிறாள். அவ்வளவு சீக்கிரம் திருந்திவிட்டாளே என்று அப்போது கேலி செய்யாதவர்கள் இல்லை.

2014 செப்டம்பரில் இரண்டாவது படம் ரெயின்போ ராக்ஸ் வந்தது. எழுத்தாளர்கள் அந்தக் கேலியையே எடுத்துக் கதையாக்கினார்கள். மன்னிப்புக் கேட்டாய், சரி, மறுநாள் காலை அதே பள்ளிக்கூடத்துக்குத்தானே போக வேண்டும்? சன்செட் நடைபாதையில் நடந்தால் பிள்ளைகள் ஒதுங்குகிறார்கள். தோழிகள்கூடப் பழைய கதையைத் தெரியாமல் சொல்லிவிட்டு, "அது அப்போ" என்று சமாளிக்கிறார்கள். அவள் ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொள்கிறாள், அந்தச் சிரிப்பு பொய் என்று நமக்குத் தெரிகிறது. நடுராத்திரி சமையலறையில் ட்வைலைட்டும் அவளும் பேசிக்கொள்ளும் காட்சி ஒன்று உண்டு. எல்லாரும் தன்னை நம்பி இருக்கிறார்களே என்ற பயம் ட்வைலைட்டுக்கு, தன்னிடம் யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லையே என்ற வலி சன்செட்டுக்கு. அந்த இரண்டு நிமிடத்தில் ட்வைலைட் முழு ட்வைலைட்டாக இருக்கிறாள். ஃப்ளாஷோடு ஒரு படம் முழுக்கக் கிடைக்காதது அங்கே கிடைத்தது. பின்னால் ரசிகர்களில் பலர் சன்செட்டையே ட்வைலைட்டுக்கு ஜோடியாக நினைத்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. இன்னொரு தகவல்: சன்செட்டுக்குக் குரல் கொடுத்த ரெபெக்கா ஷோய்கெட்தான் தொடர் முழுக்க ட்வைலைட்டின் பாட்டுக் குரலும். பேச்சுக்கு டாரா ஸ்ட்ராங், பாட்டுக்கு இவர்.

அதே ரெயின்போ ராக்ஸில் ஃப்ளாஷும் இருக்கிறான். மூன்று மாயக்காரப் பாடகிகள் பள்ளியையே வசியம் செய்கிறார்கள், அவனும் வசியப்பட்டு ட்வைலைட்டிடம் சுடுசொல் பேசிவிட்டுப் போகிறான். அவளுக்கு முகம் வாடுகிறது. நல்ல தொடக்கம்! வசியம் தெளிந்ததும் அவனுக்கு என்ன தோன்றியது, சொன்னதில் கொஞ்சமாவது உண்மை இருந்ததா, எப்படி முகத்தைப் பார்ப்பான், இதையெல்லாம் எழுதியிருக்கலாம். ஒன்றும் எழுதவில்லை. வசியம் போனதும் எல்லாம் பழையபடி. அவன் பேசியதற்கும் பொறுப்பு இல்லை, திருந்தியதற்கும் பெருமை இல்லை. வில்லியாக வந்தவளுக்கு ஒரு மனசு கிடைத்தது, நல்லவனாக வந்தவனுக்குக் கிடைக்கவில்லை.

அடுத்த படம் ஃப்ரெண்ட்ஷிப் கேம்ஸ், 2015. அதில் மனித உலகத்து ட்வைலைட் என்று வேறொரு பெண் வருகிறாள், கண்ணாடி போட்டவள், போட்டிப் பள்ளி மாணவி. ஃப்ளாஷ் ஓடிவந்து பேசுகிறான், அவளுக்கு இவன் யாரென்றே தெரியாது. 2016இல் லெஜண்ட் ஆஃப் எவர்ஃப்ரீ. அங்கே அந்த ட்வைலைட்டுக்கு முகாம் நடத்தும் டிம்பர் ஸ்ப்ரூஸ் என்ற பையனைப் பிடித்துப்போகிறது. ஃப்ளாஷ் கழற்றிவிடப்படுகிறான். ரசிகர்கள் கேட்டார்கள், படைப்பாளிகள் கொடுத்தார்கள் என்றுதான் பலர் அதை எடுத்துக்கொண்டார்கள். டிம்பருக்குக் கொஞ்சம் அசட்டு நகைச்சுவை உண்டு, அக்காவை நினைத்துக் கவலை உண்டு. அந்த அளவுக்கு அவன் தேவலை. ஆனால் ஒரு காதலனை எடுத்துவிட்டு இன்னொருவனை வைத்தது பிரச்சினையைத் தீர்க்கவில்லை என்றே நினைக்கிறேன்.

இது இந்தத் தொடருக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. டிஸ்னியின் 1937 ஸ்னோ ஒயிட்டில் இளவரசன் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் வருவான். மனித ஆணை நம்பும்படி அசைய வைப்பது அன்றைய ஓவியர்களுக்குச் சிரமமாக இருந்ததால் அவன் பங்கைக் குறைத்தார்கள். 1950 சிண்ட்ரெல்லா இளவரசனுக்குப் படத்தில் பெயரே இல்லை. 1959இல் ஸ்லீப்பிங் பியூட்டியின் பிலிப் வந்தபிறகுதான் பெயர், குதிரை, அப்பாவோடு வாக்குவாதம் எல்லாம் கிடைத்தன. அவன்கூடப் பின்பாதியில் ஒரு வார்த்தை பேச மாட்டான். 2010இல் வந்த டேங்கிள்டு படத்து ஃப்ளின் ரைடரை நினைத்துப் பாருங்கள். அவனை எவ்வளவு அழகாக வரையலாம் என்று ஸ்டூடியோவில் வேலை பார்க்கும் பெண்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டார்கள். ஆனால் எங்களுக்கு அவனைப் பிடித்தது அழகால் இல்லை. போலீஸ் ஒட்டிய சுவரொட்டியில் தன் மூக்கைச் சரியாக வரையவில்லை என்று ஓடுகிற ஓட்டத்திலும் குறைப்பட்டுக்கொள்கிறானே, அதனால்தான். ஒரு மூக்கு போதும்.

மை லிட்டில் போனியிலேயே இதைச் சரியாகச் செய்து காட்டியிருக்கிறார்கள். ட்வைலைட்டின் தோழி ஆப்பிள்ஜாக்கின் அண்ணன் பிக் மேக் அதிகம் பேசாதவன். 2017இல், ஏழாவது சீசனில், வேறோர் ஊரில் பேக்கரி வைத்திருக்கும் சுகர் பெல்லை அவனுக்குப் பிடித்துப்போகிறது. சிறுமிகள் மூவர் கதைப்புத்தகத்தில் படித்த காதல் வித்தைகளையெல்லாம் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள், எல்லாமே சொதப்புகிறது. போட்டிக்கு ஒருவன் ஆட்டம் பாட்டத்தோடு வருகிறான். கடைசியில் பிக் மேக் ஜெயிப்பது எதனால் தெரியுமா? பண்டங்களை அடுக்கி வைக்க அவளுக்கு நல்ல அலமாரி இல்லை என்பதை அவன் மட்டும் கவனித்திருக்கிறான். தச்சு வேலை தெரிந்தவன், தானே ஒன்று செய்துகொண்டு வந்து கொடுக்கிறான். 2019இல் கடைசி சீசனில் இருவருக்கும் கல்யாணம் நடந்தபோது யாரும் சுகர் பெல்லைத் திருடி என்று சொல்லவில்லை. அவளும் பின்னால் வந்தவள்தான், அவளுக்கும் காட்சிகள் குறைவுதான். அந்த அலமாரி அவளையும் காட்டியது, அவனையும் காட்டியது.

உங்கள் மகளோடு மறுபடி பார்க்கும்போது லெஜண்ட் ஆஃப் எவர்ஃப்ரீயில் ஓர் இடத்தைக் கவனியுங்கள். ஃப்ளாஷ் இந்த ட்வைலைட்டையே பார்த்துக்கொண்டு சுற்றுகிறான். சன்செட் அவனிடம் உடைத்துச் சொல்லிவிடுகிறாள்: உனக்குப் பிடித்தவள் இவள் இல்லை, அவள் வேறு உலகத்தில் இருக்கிறாள், நீ இதிலிருந்து வெளியே வா என்று. சொல்கிறவள் அவனுடைய பழைய காதலி, ஒரு காலத்தில் அவனை மோசமாக நடத்தியவள். அவன் கேட்டுக்கொள்கிறான். கோபப்படவில்லை, வாதாடவில்லை. முதல்முறையாக அவனுக்கு ஒன்று வேண்டும், அது கிடைக்காது என்று அவனுக்கே தெரிகிறது, அந்தத் தெரிதல் முகத்தில் தெரிகிறது. மூன்று படம் தாண்டி நாலாவதில்தான் அது வருகிறது, ஒரு நிமிடம்கூட இருக்காது.

அக்கா மகள் அந்த இடத்தில்தான் அவனைப் பற்றி முதல்முதலாக ஒன்று சொன்னாள். "பாவம் சித்தி அவன்" என்றாள்.